பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வீட்டிலேயே மாற்றிக் கட்டுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, அவற்றை ஓட்டும் செயினும் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் ஆகிய மூன்று உறுப்புகளே முக்கியமாக அசைகின்றன என்பதால், ஒரு பழைய வண்டியைப் பிரித்துத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். தேர்வு சரியானதுதான், ஆனால் உறுப்புகள் குறைவு என்பதற்காக இந்த எஞ்சின் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது கிராங்கைத் தாங்கி, ஆயிலை வைத்திருக்கும் கூடு மட்டுமே. டூ ஸ்ட்ரோக்கில் அதுவே பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல், காற்று, ஆயில் மூன்றும் சேர்ந்த கலவை கார்புரேட்டர் வழியே கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே கலவை அங்கே அழுத்தப்பட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் என்ற சிலிண்டர்ச் சுவர்த் துளைகள் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறுகிறது. ஆகவே ஒரு பேக்கிங்கிலோ ஆயில் சீலிலோ ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையை மெலியச் செய்கிறது. மெலிந்த கலவை பிஸ்டனைச் சூடாக்குகிறது. சூடான பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், வேலையின் வரிசை முழுவதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. முதலில் எஞ்சின் கசிவின்றித் தொழிற்சாலை அளவுகளில் ஓட வேண்டும். அடுத்து வண்டி நிற்க வேண்டும். அதற்குப் பிறகே தோற்றம். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சக்தி. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்: முதலில் சைலன்சரை மாற்றினேன், மூன்றாவது நாள் பிஸ்டனை மாற்றினேன்.

எந்த வண்டி, என்ன கருவி

முதல் வேலைக்கு ஒற்றைச் சிலிண்டர், காற்றினால் குளிரும் எஞ்சின், 100 முதல் 175 சி.சி. வரை என்ற அளவு போதும். இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் கவர்ச்சியானவை என்றாலும், அவற்றில் கிராங்கின் நடுவில் இன்னொரு சீல் இருக்கும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே கணத்தில் ஒரே அளவு திறக்க வேண்டும். செலவும் பிழையும் இரட்டிப்பாகும். வாங்குவதற்கு முன், சேஸிஸிலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எந்த அளவுக்கு மாற்றினால் வண்டி மறுபடி சோதனைக்கும் பதிவுக்கும் போக வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஓடாத வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உறுப்புகள் முழுமையாக இருக்க வேண்டும். பிஸ்டனும் பேரிங்கும் எங்காவது கிடைத்துவிடும். உடைந்துபோன ஒரு பக்கவாட்டு மூடியோ, கிராங்க் முனையில் சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டின் தட்டோ கிடைப்பதுதான் கடினம்.

சாதாரண ஸ்பேனர், சாக்கெட் செட்டுகளுக்கு மேல் சில தனிக் கருவிகள் கட்டாயம் வேண்டும்: அந்த வண்டிக்குரிய மேக்னெட் புல்லர், கிளட்ச் ஹோல்டர், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், வெர்னியர், பிளக் துளையில் பொருத்தக்கூடிய டயல் கேஜ், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகள் பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருந்தாலும் அவை ஜே.ஐ.எஸ். என்ற வேறு அளவுமுறையைச் சேர்ந்தவை. பிலிப்ஸ் முனையைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். பழைய எஞ்சின்களில் தலை சிதைந்த திருகுகள் இத்தனை இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரிப்பதற்கு முன்பும் பிரிக்கும்போதும்

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால், ஓட விட்டுக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தானாகவே ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ காற்று புகுகிறது. மேக்னெட் பக்கத்துச் சீலை முதலில் சந்தேகியுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்துச் சீல் தேய்ந்து கியர் ஆயில் கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படுகிறது என்று பொருள். இந்த இரண்டு குறிகளும் எஞ்சினைத் திறக்காமலேயே கிடைப்பவை. திறந்த பிறகு அவற்றைக் கேட்க முடியாது.

அதன்பின் கழற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் படம் எடுங்கள். ஒயர்கள், கேபிள்கள் போகும் வழியைத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் நட்டு, போல்ட்டு, வாஷர்களையும் தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதுங்கள். எஞ்சின் இன்னும் சேஸிஸில் இருக்கும்போதே மேக்னெட் நட்டு, கிளட்ச் நட்டு, முன் ஸ்ப்ராக்கெட் நட்டு ஆகியவற்றைத் தளர்த்திவிட்டால், பிறகு மேசை மேல் எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சில வண்டிகளில் மேக்னெட் நட்டு இடப்புற மரையாக இருக்கும். முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் மரையின் திசையைப் பாருங்கள்.

கிராங்க் கேஸின் இரு பாதிகளுக்கு இடையே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவது இந்த வேலையில் செய்யக்கூடிய மோசமான தவறுகளில் ஒன்று. அந்த அலுமினிய முகத்தில் விழும் ஒரு கீறல் நிரந்தரமான காற்றுக் கசிவாக மாறும். பிரிப்பதற்கென்றே உள்ள புல்லரைப் பயன்படுத்துங்கள். அல்லது பேரிங் இருக்கும் இடத்தைச் சுற்றி ஹீட் கன்னால் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அலுமினியம் இரும்பை விட அதிகமாக விரிவதால், ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் பேரிங் தன் பிடியைத் தளர்த்திக்கொள்ளும். திரும்பப் பொருத்தும்போதும் இதே உத்திதான்: பேரிங்கை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, கேஸைச் சூடாக்கினால், அடிக்காமலேயே அது தன் இடத்தில் போய் உட்காரும்.

கிராங்க்

கனெக்டிங் ராடை இரு கைகளாலும் பிடித்து நேர் மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு; மேல்கீழாக உணரும்படியான ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் ராடின் கீழ் முனையிலுள்ள பிக் எண்ட் பேரிங் முடிந்தது. பெரும்பாலான டூ ஸ்ட்ரோக் கிராங்குகள் அழுத்திப் பொருத்தப்பட்டவை. ஹைட்ராலிக் பிரஸ்ஸும் நேர்படுத்தும் தாங்கியும் இல்லாமல் அவற்றைப் பிரிப்பதில் பயனில்லை. இதை மட்டும் அனுபவமுள்ள லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அதன் இரு முனைகளிலும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றி, ஓட்டம் (சுழலும்போது முனை விலகி அசையும் அளவு) 0.03 முதல் 0.05 மி.மீட்டருக்குள் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

மெயின் பேரிங்குகளையும் இரு சீல்களையும் நிலைமை எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியின் சீல் பார்வைக்குப் புதிது போலத் தோன்றும். ஆனால் உதடு இறுகிப்போய், ரப்பர் என்பதற்கான குணமே இல்லாமல் இருக்கும். புதிய சீலின் உதட்டில் சிறிது கிரீஸோ ஆயிலோ தடவிப் பொருத்துங்கள். உலர்ந்த சீல் முதல் நிமிடத்திலேயே தேயத் தொடங்கும்.

சிலிண்டரும் பிஸ்டனும்

பழைய பிஸ்டனைத் தூக்கி எறிவதற்கு முன் அதைப் படியுங்கள். எஞ்சின் எப்படி வாழ்ந்தது என்பதை அது சொல்லும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உராய்ந்திருந்தால் மெலிந்த கலவையோ ஆயில் குறைவோ காரணம். நான்கு மூலைகளிலும் செங்குத்தான கோடுகள் இருந்தால், சிலிண்டர் சூடேறுவதற்கு முன்பே பிஸ்டன் விரிந்துவிட்டது; குளிர்ந்த எஞ்சினை விரட்டியதோ இடைவெளி போதாமல் இருந்ததோ காரணமாக இருக்கலாம். தலையின் விளிம்பு மணல் அரித்தது போலப் பொடிப்பொடியாக இருந்தால் அது நாக்கிங்கின், அதாவது கலவை சீராக எரியாமல் வெடிப்பதன், தழும்பு: கம்ப்ரெஷன் அதிகம், அல்லது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம் (டைமிங்) முந்தியிருக்கிறது. இந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் புதிய பிஸ்டன் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

சிலிண்டர் வார்ப்பிரும்பாக இருந்தால் ரீபோர் செய்து, அதாவது குடைந்து அகலப்படுத்தி, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனைப் போடலாம், 0.25 அல்லது 0.50 மி.மீ. படிகளில் அவை கிடைக்கும். குரோம் அல்லது நிகாசில் (நிக்கல், சிலிக்கன் கார்பைடு சேர்ந்தது) பூச்சு உள்ள சிலிண்டரை அப்படிக் குடைய முடியாது. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போர் செய்யக் கொடுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், பிஸ்டனின் கீழ்ப்பகுதியில் அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்குச் செங்கோணமாக மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவுக்கு மேல் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விட்டுக் குடைய வேண்டும். சிறிய, காற்றில் குளிரும் எஞ்சின்களுக்கு இது பொதுவாக 0.04 முதல் 0.06 மி.மீ. வரை இருக்கும்.

போர் செய்து முடித்த சிலிண்டரின் போர்ட் விளிம்புகள் கத்தி போல் இருக்கும். அவற்றை நுண்ணிய அரத்தாலும் எமரித் தாளாலும் சாய்த்து மழுக்குவது பட்டறையில் பலமுறை விட்டுப்போகும் வேலை. மழுக்காவிட்டால் ரிங் விளிம்பில் சிக்கி உடையும். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். ரிங்கின் வாய், பள்ளத்திலுள்ள சிறிய பின்னின் மேல் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் நோக்க வேண்டும். பின்னைத் தாங்கும் சர்க்கிளிப்புகள் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். சர்க்கிளிப் போடும்போது கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் துள்ளிப் போகும் சர்க்கிளிப் எப்போதும் அந்த வாய்க்குள்தான் போகும்.

கசிவுச் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்வேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், இதைச் செய்யச் சொல்வேன். எக்ஸாஸ்ட் வாயையும் இன்டேக் வாயையும் ரப்பர் தகடும் பட்டையும் வைத்து அடையுங்கள். பிஸ்டன் கீழே இருக்கட்டும். அப்போது போர்ட்டுகள் திறந்திருப்பதால் சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒரே அறையாகிவிடும். பிளக் துளையிலோ இன்டேக் அடைப்பிலோ ஒரு குழாயைப் பொருத்தி, கைப் பம்பாலும் குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டராலும் 6 பி.எஸ்.ஐ., அதாவது ஏறக்குறைய 0.4 பார் அழுத்தம் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சீலே வெளியே தள்ளப்படலாம். காற்று அமுக்கியை நேரடியாக இணைப்பதும் கூடாது.

ஆறு நிமிடம் காத்திருங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நீரைச் சிலிண்டர் அடி பேக்கிங், ஹெட், கிராங்க் கேஸின் இணைப்புக் கோடு, மேக்னெட் பக்கத்துச் சீல் ஆகிய இடங்களில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். குமிழியே வராமல் அழுத்தம் இறங்கினால், கிளட்ச் பக்கத்துச் சீல் வழியாகக் கியர் பெட்டிக்குள் போகிறது. கியர் பெட்டியின் காற்றுத் துளையில் சோப்பு நீரை வைத்துப் பாருங்கள். வசதி இருந்தால் இதே அளவு உறிஞ்சும் அழுத்தத்திலும் சோதியுங்கள், ஏனெனில் ஓடும் எஞ்சினில் சீல் இரண்டையும் மாறி மாறிச் சந்திக்கிறது. ஒரு திசையில் தாங்கும் சீல் மறு திசையில் விட்டுவிடுவதுண்டு.

இந்தச் சோதனையில் தேறாத எஞ்சினைச் சேஸிஸில் ஏற்றாதீர்கள்.

சேஸிஸ், பிரேக், ஒயரிங்

வெற்றுச் சேஸிஸை முதலில் கழுவிக் காய வைத்து, ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி, எஞ்சின் தாங்கிகள், ஷாக் அப்சார்பர் பிடிகள் ஆகிய இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்டியரிங் பேரிங் குண்டுகளையும் ஸ்விங் ஆர்ம் புஷ்களையும் மாற்றுங்கள். வண்டி ஆடுகிறது என்று சொல்லப்படும் குறையில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும்.

டிரம் பிரேக்கைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிய பையிலிட்டு அப்புறப்படுத்துங்கள். புதிய ஷூ போட்ட பின், பிரேக் பிடிக்கும் கணத்தில் கேம் நெம்புகோலும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணமாக இருக்கும்படி அமையுங்கள். கோணம் அதைத் தாண்டிப் போகப் போகக் கையின் பலம் வீணாகும். டயர்கள் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழையவை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

பல பழைய வண்டிகளின் மின்சாரம் 6 வோல்ட். அதை 12 வோல்ட்டாக மாற்றப் பல்புகள், பேட்டரி, ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், சில வண்டிகளில் காயிலின் சுற்றும் மாற வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிதாக ஒயர் இழுக்கும்போது பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். பாயின்ட் இக்னிஷனை (தொட்டுப் பிரியும் இரு முனைகளால் தீப்பொறி தருவது) அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை: இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ., ஒரு நல்ல கண்டன்சர், அவ்வளவுதான். டைமிங்கைப் பாகையிலும் மி.மீட்டரிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். எடுத்துக்காட்டாக, 50 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 100 மி.மீ. கனெக்டிங் ராடும் உள்ள எஞ்சினில் 20 பாகை என்பது பிஸ்டன் உச்சியை அடைய 1.87 மி.மீ. இருக்கும் நிலை. டயல் கேஜைப் பிளக் துளையில் வைத்து, அந்த நிலையில் பாயின்ட் சரியாகத் திறக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

உருவத்தை மாற்றுதல்

வெட்டுவதற்கு முன் கட்டிப் பாருங்கள். சக்கரங்கள், எஞ்சின், டேங்க், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் பெயின்ட் இல்லாமலேயே ஏற்றி, அட்டையாலோ நுரைப் பலகையாலோ சீட்டின் வடிவத்தைச் செய்து வைத்து, சில நாட்கள் தள்ளி நின்று பாருங்கள். சீட்டின் அடிக்கோடு டேங்கின் அடிக்கோட்டோடு சேர்கிறதா என்பதுதான் கண்ணுக்கு முதலில் படும். பின்பகுதிக் குழாயை வெட்டுவதாக இருந்தால், ஷாக் அப்சார்பர் பிடிக்குப் பின்னால் மட்டும் வெட்டுங்கள். அதன் முன்னால் உள்ள ஒவ்வொரு குழாயும் பாரம் சுமக்கிறது. வெல்டிங் பழக்கமில்லாதவர்கள் புள்ளி வைத்து நிறுத்திவிட்டு, முழு வெல்டிங்கைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கக் கூடாது: குளோரின் கலந்த கிளீனர் அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். பெட்ரோல் டேங்கில் வீட்டில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலியான டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு வண்டியை முழுவதும் கீழே அமுக்கிப் பாருங்கள். டயர் மட்கார்டிலோ சீட்டின் அடியிலோ இடித்தால் இப்போதே தெரிந்துவிடும். ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, கேபிள் இழுபடுகிறதா, கைவிரல் டேங்கில் நசுங்குகிறதா என்று பாருங்கள். பின்னால் உயரமான ஷாக் அப்சார்பர் போட்டாலோ, முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே நழுவ விட்டாலோ, ஃபோர்க் செங்குத்தாகி டிரெயில் (ஃபோர்க்கின் திருப்பு அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறைகிறது. வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் நேர்ப்பாதையில் நிலைகொள்ளாமல் தவிக்கும். ஒரு முறைக்கு 10 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள்.

டேங்கின் உள்துருவை நீக்க, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஓர் இரவு நிரப்பி வைத்து, மறுநாள் சமையல் சோடா கரைசலால் அலசி, உடனே காய வையுங்கள். ஈரமாக விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி துரு பூக்கும்.

சக்தி

எஞ்சின் பழைய அளவுகளிலேயே சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இந்தப் பகுதிக்கு வாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது.

முதல் மாற்றம் செலவே இல்லாதது: ஸ்குவிஷ் இடைவெளி. பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டின் ஓரப் பட்டைக்கும் இடையே உள்ள இந்த இடுக்கு, கலவையை நடுவே பிதுக்கித் தள்ளி வேகமாக எரியச் செய்கிறது. மெல்லிய சாலிடர் கம்பியைப் பிஸ்டன் பின் இருக்கும் திசையில் இரு ஓரங்களிலும் வைத்து, கிராங்கை உச்சி தாண்டிச் சுழற்றி, நசுங்கிய தடிமனை அளவிடுங்கள். சிறு எஞ்சின்களில் 0.8 முதல் 1.2 மி.மீ. வரை நல்ல அளவு. பழைய எஞ்சின்களில் இது 2 மி.மீ. வரைகூட இருப்பதுண்டு. பேக்கிங்கின் தடிமனைக் குறைத்தோ சிலிண்டர் முகத்தை லேத்தில் சீவியோ இதைக் குறைக்கலாம். ஆனால் அடிப் பேக்கிங்கைக் குறைக்கும்போது எல்லாப் போர்ட்டுகளும் கீழிறங்கி அவை திறந்து மூடும் டைமிங்கும் மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

இடுக்கு குறையும்போது கம்ப்ரெஷன் ஏறும். இங்கே எண்களைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகே உண்மையான அழுத்தம் தொடங்குவதால், சிலர் முழு ஸ்ட்ரோக்கையும் கணக்கில் எடுக்கிறார்கள், சிலர் போர்ட் மூடிய பின் உள்ள பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., ஹெட்டின் கொள்ளளவு 9.2 சி.சி. என்றால், முதல் கணக்கில் 11.7:1 என்றும், போர்ட் 90 பாகையில் மூடுவதாக வைத்தால் இரண்டாவது கணக்கில் 7:1 என்றும் வரும். எஞ்சின் ஒன்றுதான். காற்றில் குளிரும் சாலை வண்டிக்கு இரண்டாம் கணக்கில் 7:1-ஐச் சுற்றி நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்தது போர்ட். கிராங்கில் பாகை வட்டைப் பொருத்தி, எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும் பாகையைக் குறியுங்கள். உச்சிக்குப் பின் 90 பாகையில் திறந்தால் அது திறந்திருக்கும் காலம் 180 பாகை. சாலை வண்டிக்கு எக்ஸாஸ்ட் 170 முதல் 185, டிரான்ஸ்ஃபர் 115 முதல் 125 பாகை வரை பொருத்தம். பந்தய எஞ்சின்கள் 195-ஐயும் தாண்டும், ஆனால் அவை கீழ் வேகத்தில் இழுக்கவே இழுக்காது. மேலே சொன்ன 50 மி.மீ. எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை வெறும் 0.9 மி.மீ. உயர்த்தினாலே 180 பாகை 184 ஆகிவிடும். அரத்தின் நான்கு இழுப்பில் எஞ்சினின் குணம் மாறுகிறது, இழுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. போர்ட்டின் அகலம் போரின் 65 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் உள்ளே பிதுங்கத் தொடங்கும். முதல் வண்டியில் போர்ட்டை உயர்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. வார்ப்பில் மிஞ்சிய பிசிறுகளை நீக்குவதும், கிராங்க் கேஸின் டிரான்ஸ்ஃபர் வாயைச் சிலிண்டர், பேக்கிங் ஆகியவற்றின் வாயோடு படியே இல்லாமல் பொருத்துவதும் போதும்.

சைலன்சருக்கு ஒரு வரலாறு உண்டு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் விரிவறைச் சைலன்சரை ஆராய்ந்து செப்பமாக்கினார். 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டில் அந்த அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குப் போனது. அந்தக் குழாயின் தத்துவம் இதுதான்: போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் உறிஞ்சும் அலையாகத் திரும்பிக் கலவையை மேலே இழுக்கிறது, பின்னர் குறுகும் கூம்பில் பட்டு அழுத்த அலையாகவே திரும்பி, எக்ஸாஸ்ட் வழியே தப்பியோடும் புதுக் கலவையைப் போர்ட் மூடுமுன் உள்ளே தள்ளுகிறது. அலை போய்வர ஆகும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. சூடான புகையில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 518 மீட்டர் என்று வைத்து, அதைப் போர்ட் பாகையால் பெருக்கி, எஞ்சின் வேகத்தின் 12 மடங்கால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும். 180 பாகை, நிமிடத்துக்கு 8000 சுற்று என்றால் 97 செ.மீ.; 7000 சுற்று என்றால் 1.11 மீட்டர். ஆகவே வேறொரு வண்டிக்குச் செய்த சைலன்சரை அழகுக்காக மாட்டினால், சக்தி நீங்கள் ஓட்டாத ஏதோ ஒரு வேகத்தில் போய் ஒளிந்துகொள்ளும்.

கார்புரேட்டர்

சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ தொட்டால் ஜெட்டையும், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையையும், தொட வேண்டும். எப்போதும் செறிந்த பக்கத்திலிருந்து தொடங்கி மெலிந்த பக்கம் இறங்குங்கள்: பெரிய மெயின் ஜெட் போட்டு, முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் தடுமாறும் நிலையிலிருந்து ஒரு படி ஒரு படியாகக் குறையுங்கள். மெயின் ஜெட் முக்கால் பங்குக்கு மேல் திறந்திருக்கும்போது ஆளுகிறது. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்குக் கீழே திராட்டில் வால்வின் வெட்டும் பைலட் ஜெட்டும். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலேறிக் கலவை செறியும். ஒரு பாதுகாப்பான, காலியான சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே கணத்தில் எஞ்சினை அணைத்து, நின்ற பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெண்மையாக இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அந்த ஜெட்டோடு முழு ஆக்சிலரேட்டரில் வீடு திரும்ப வேண்டாம். ஆக்சிலரேட்டரை அளவாகத் திறந்து, மெதுவாக வாருங்கள். என்.ஜி.கே. நிறுவனத்தின் பிளக்கில் எண் ஏற ஏற அது சூட்டை வேகமாகக் கடத்திவிடும் ‘குளிர்ந்த’ பிளக். சக்தியைக் கூட்டிய எஞ்சினுக்கு ஓர் எண் மேலே போடுவது வழக்கம்.

ஆயிலைப் பொறுத்தவரை, 32:1 (பெட்ரோல் 32 பங்கு, ஆயில் 1 பங்கு) என்றால் லிட்டருக்கு 31 மி.லி., 20:1 என்றால் 50 மி.லி. ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைவதால் கலவை மெலிகிறது. எனவே ஜெட் அமைத்த பிறகு விகிதத்தை மாற்றாதீர்கள். ஜப்பானிய ஜாசோ அமைப்பின் எஃப்.டி. தரமுள்ள ஆயில் புகையையும் கரியையும் குறைக்கும்.

முதல் ஓட்டம்

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது கதவு திறந்திருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. சிலிண்டரின் துடுப்புகளில் கை வைக்க முடியாத சூடு ஏறும் வரை ஓட விட்டு, அணைத்து, முழுவதும் ஆற விடுங்கள். இப்படி மூன்று முறை செய்த பின், ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளைக் குறுக்காக, சொன்ன டார்க்கில் மறுபடி இறுக்குங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதி ஆக்சிலரேட்டரைத் தாண்டாதீர்கள்; ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி எஞ்சின் பிரேக்கில் வருவது இந்த எஞ்சினுக்கு ஆகாது, ஏனெனில் ஆயில் கலவையோடுதான் வருகிறது. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கிறது. அவ்வப்போது ஆக்சிலரேட்டரைச் சிறிது திறந்து ஒரு மடக்கு கொடுங்கள். இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச் லீவரின் மேல் இருக்கட்டும்: எஞ்சினின் ஒலி திடீரென்று இறுகி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலத் தோன்றினால், யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள். வீடு திரும்பியதும், நட்டுகள் ஒவ்வொன்றின் மேலும் போட்ட பெயின்ட் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டைக் கட்டும்போதே போட்டு வைத்திருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கின் அதிர்வில் முதலில் தளர்வது பெரும்பாலும் சைலன்சர் பிடியும் எஞ்சின் தாங்கி போல்ட்டும்தான்.